நடு சீட்டு, இடது பக்கம்

வாங்க வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாமுங்க, அப்படியே ஏறுங்க. வண்டி பாக்க வர்றவங்க பாதிப்பேரு கோயிலுக்குள்ள போற மாதிரி கழட்டி வெச்சுட்டு ஏறறாங்க. இப்போதைக்கு முன்னாடியே உக்காருங்க. பெல்ட்டைப் போட்டுக்கங்க. உடுமலை ரோட்டுல காமநாயக்கன்பாளையம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிரலாம். அந்த ரோட்டுலதான் மேடு பள்ளம் எல்லாம் நமக்கு வேணுங்கற மாதிரி இருக்குது.

மைலேஜ் கெடக்குது விடுங்க. டயரும் கெடக்குது. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கேக்க வேண்டியதை ஒருத்தரும் கேக்கறதில்லை. சத்தம் வருதான்னு கேளுங்க முதல்ல. இதோ, முதல் மேடு. ஏறுது. எறங்குது. ஏதாச்சும் கேட்டுச்சா? இல்லையில்ல? இந்த ஒண்ணுமில்லைங்கறதுக்கு நான் நாய் படாத பாடு பட்டிருக்கறேனுங்க.

எம்பேரு சென்னியப்பன். தரகர் சொல்லியிருப்பாரு. பல்லடத்துல தறிப்பட்டறை, முப்பத்தாறு தறி. முப்பது வருசமா அந்தச் சத்தத்துக்குள்ளதான் பொழப்பு. வெளியாளு உள்ள வந்தா ரெண்டு காதையும் பொத்திக்குவான். நான் வாசப்படியில நின்னாப் போதும். எந்தத் தறியில நாடா கொஞ்சம் தள்ளி அடிக்குதுன்னு சொல்லிருவேன். "பதினொண்ணாம் நம்பரை நிறுத்துடா"ன்னா நிறுத்திப் பாப்பாங்க, அங்கதான் நாடாவை அடிச்சுத் தள்ளற பிக்கர் தேய்ஞ்சிருக்கும். இந்த ஊருல எந்தக் காதுக்கும் அந்த வேலை வராதுங்க. பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், இப்ப என்ன.

இந்த வண்டி, போன தை மாசம் பொண்ணு கல்யாணத்துக்கு முந்தி வாங்கினது. பழசுதான், ஆனா ஒரே ஆளு கையில இருந்தது. ஏழு பேரு தாராளமா உக்காரலாம். நான், எங்கூட்டுக்காரம்மா சுலோச்சனா, பொண்ணு தாரணி, மாப்பிள்ளை, சம்பந்திமாரு ரெண்டு பேரு, நாளைக்கு ஒரு பேரனோ பேத்தியோ. எண்ணிப் பாத்தா ஏழு. அப்படி எண்ணித்தான் வாங்கினேன்.

ஆனி மாசம் ஆரம்பிச்சுது சத்தம். லொட். அவ்வளவுதான். மேட்டுல ஏறி எறங்கறப்ப ஒரு லொட். முன்னாடி இடது சக்கரத்துப் பக்கம். நான் தனியா ஓட்டினா வராது. முன் சீட்டுல ஆளு உக்காந்தாலும் வராது. நடு சீட்டுல இடது பக்கம் ஆளு உக்காந்தா மட்டும் வரும். அது தாரணி உக்கார்ற எடமுங்க. சின்னதுல இருந்தே அவளுக்கு இடது பக்கத்து ஜன்னல்தான் வேணும், எந்த வண்டின்னாலும். கல்யாணம் ஆகியும் மாசம் ஒருக்கா வருவா, அங்கதான் உக்காருவா, லொட்டுன்னு கேக்கும்.

எனக்குச் சோறு எறங்கலை. எங்கூட்டுக்காரம்மா, "ஒரு சத்தம்தானுங்க, வண்டின்னா சத்தம் போடத்தான் செய்யும்"ன்னா. அவளுக்கு என்ன தெரியும். இன்னைக்கு லொட்டுங்கும், நாளைக்குச் சக்கரம் தனியா ஓடும். திருப்பூர்ல ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பேரு வேண்டாம். கண்ணாடி ரூமுல ஏசி போட்டு உக்கார வெச்சு, காப்பி குடுத்து, முன்னாடி ரெண்டு ஷாக் அப்சர்பரையும் மாத்திட்டேன்னான். பழசைக் காட்டுடான்னா அட்டைப் பெட்டியில போட்டுக் காட்டறான். வீட்டுக்கு வர்ற வழியில எங்கூட்டுக்காரம்மாவை நடு சீட்டுல இடது பக்கம் உக்கார வெச்சேன். திருப்பூர் எல்லையே தாண்டலை, லொட்.

அப்புறம்தான் வெள்ளிங்கிரிகிட்டப் போனேன். நம்ம பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால தகரக் கொட்டாய் போட்டு வேலை பாக்கறான். அவன் வேலை வேற மாதிரிங்க. வண்டியைத் தூக்கறதுக்கு முந்தி, சக்கரத்துக்குள்ள கையை விட்டு ஸ்பிரிங் மேல வெச்சுக்குவான். "ஸ்டீரிங்கைத் திருப்புங்கண்ணா, மெதுவா"ம்பான். சத்தம் காதுக்கு வர்றதுக்கு முந்தி கைக்கு வந்துருமாம். சந்தேகமுன்னா ஒரு சாமானைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு ஓட்டிப் பாப்பான். சத்தம் நின்னா அதுதான் குத்தவாளி. நிக்கலைன்னா திரும்ப மாட்டிருவான். ஒண்ணு ஒண்ணாத்தான். எனக்கு அந்த வேலை பிடிச்சுப் போச்சு.

ஆனா அவங்கிட்டக் கொண்டுபோனா, நடு சீட்டுல ஆளை உக்கார வெச்சாலும் சத்தம் வராது. டாக்டர் வாசல்ல காய்ச்சல் விட்டுப்போற கதைதான். மூணு தடவை போயி மூணு தடவை திரும்பினேன். கடைசியில அவன் சொன்னான், "அண்ணா, சத்தம் வர்றப்ப போன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. கண்ணாடியை ஏத்திக்கங்க, ஏசியை நிறுத்திருங்க, யாரும் பேசாம இருக்கட்டும்."

யாரும் பேசாம இருக்கட்டும். அதை நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

ஆடிக்குத் தாரணி வந்தா. தலை ஆடி இல்லீங்களா, கல்யாணமாகி முதல் ஆடி, பொண்ணைக் கூட்டிட்டு வந்து ஒரு மாசம் வெச்சிருந்து, ஆவணி பொறந்ததும் சீரோட கொண்டுபோய் விடோணும். அந்த ஒரு மாசமும் நாங்க எங்க போனாலும் வண்டிக்குள்ள பேச்சுக் கூடாது. கோயிலுக்கா, பேச்சுக் கூடாது. ஒரம்பரை, சொந்தக்காரங்க வீட்டுக்கா, பேச்சுக் கூடாது. எங்கூட்டுக்காரம்மா, "எழவு வீட்டுக்குப் போற வண்டியிலகூட நாலு பேச்சு இருக்கும்"ன்னு மொணங்குவா. "ஸ்ஸ்"ம்பேன்.  தாரணி ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுக்குவா. அதுவே ஒரு சத்தம் போடும், டொக் டொக்குன்னு. "தலையை எடு சாமி"ன்னுவேன்.

வீட்டுல பேசியிருக்கலாம்ல, அதைத்தான நெனைக்கறீங்க? வீட்டுல நான் எங்கங்க இருந்தேன். விடிஞ்சாப் பட்டறை, பட்டறை விட்டா வெள்ளிங்கிரி கொட்டாய். அவளும் நானும் ஒண்ணா இருந்தது வண்டிக்குள்ள மட்டும்தான்.

ஆவணி ரெண்டு. நல்ல நாளு பாத்துக் கெளம்பினோம். முறுக்கு நாலு டின்னு, அதிரசம், லட்டு, சேலை, வேட்டி, பித்தளைக் குடம், எல்லாம் ஏத்தினேன். டின்னு ஒண்ணோடொண்ணு இடிச்சுச் சத்தம் வரப்படாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் துண்டு சுத்தினேன். ஒண்ணரை மணி நேரம் சுத்தினேனுங்க. சம்பந்தியம்மா பின்னால ஃபோன்ல சொன்னாங்க, "சீரை இவ்வளவு பத்திரமாக் கொண்டுவந்த அப்பனை நாங்க பாத்ததேயில்லை"ன்னு. குடத்தை எங்கூட்டுக்காரம்மா மடியில வெச்சுக்கிட்டா. தாரணி அவ எடத்துல. போனை அவ காலடியில, மிதியடிக்குக் கீழ வெச்சேன், ரெக்கார்டு போட்டு. "உடுமலையில சம்பந்தி வீடு போற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கப்படாது. இன்னைக்குப் பிடிச்சர்றேன் அதை"ன்னேன்.

பிடிச்சேன். இருங்க, இப்படி ஓரமா நிறுத்தறேன். அதை இன்னும் வெச்சிருக்கறேன். கேளுங்க. இது டயர் உருள்ற சத்தம். இது எங்கூட்டுக்காரம்மா இருமறா. இந்தா, இப்ப... லொட்! கேட்டுச்சா? எவ்வளவு சுத்தமா விழுது பாருங்க. இது பதினேழாவது நிமிசம். இன்னொண்ணு வரும், இருங்க. நடுவுல கேக்கறது எம்பொண்ணு கொரல். அதை விடுங்க. லொட்டைக் கேளுங்க. ம், இந்தா.

என்னுங்க அப்படிப் பாக்கறீங்க? வெள்ளிங்கிரியும் இப்படித்தான் பாத்தான்.

நான் அன்னைக்கே அவனுக்கு அனுப்பிட்டேன். உடுமலையில அவளை விட்டுட்டு, எலை போட்டுச் சாப்பிட்டு, அவ வாசல்ல நிக்க நிக்க வண்டியைத் திருப்பறப்பவே அனுப்பிட்டேன். மறுநாள் பதில் இல்லை. மூணாம் நாள் கை கழுவாம, கிரீஸோட வீட்டுக்கே வந்துட்டான். "சக்கரத்துப் பக்கத்து லிங்க் ராடு போயிருக்குதுங்கண்ணா, அது ஒண்ணும் பெரிய வேலையில்லை. பாப்பா பேசறதைக் கேட்டீங்களா?"ன்னான். "எந்தப் பாப்பா?"ன்னேன். "நம்ம பாப்பாதானுங்கண்ணா. போயிக் கூட்டிட்டு வந்துருங்க. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்காதீங்க." எனக்கு வந்துச்சே கோவம். "நீ ஸ்பேனரைப் பிடிக்கறவன், எங்கூட்டு விவகாரம் உனக்கெதுக்குடா"ன்னேன்.  அவன் லிங்க் ராடை மாத்திக் குடுத்தான்.

என்ன பேசறாளா? நீங்கதான் இப்பக் கேட்டீங்களே. சரி, நானே சொல்றேன், எனக்கு மனப்பாடம். "அப்பா, நான் அங்க போகலீங்கப்பா. பகல்ல அவரு என்னை ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு மில்லுக்குப் போயர்றாருங்கப்பா. சாவி அத்தைகிட்ட இருக்குது. ஒண்ணுக்குக்கூட அவங்க வந்துதான் தொறந்துவிடோணும்." அப்புறம் என் கொரலு. "ஸ்ஸ். பேசாத சாமி. மேடு வருது." அப்புறம் லொட்டு. அதுக்கப்புறம் உடுமலை வரைக்கும் டயர் சத்தம் மட்டும்தான்.

போலாமுங்க. கெளம்பலாம்.

லிங்க் ராடு மாத்தின நாலு நாளைக்கு நல்லா இருந்துச்சு. அப்புறம் வேற ஒண்ணு. கிர்ருன்னு, கதவு தொறக்கற மாதிரி. வெள்ளிங்கிரி வண்டியைத் தூக்கிப் பாத்தான். சக்கரத்தைத் தாங்கற லோயர் ஆர்ம்ல இருக்கற ரப்பர் புஷ்ஷு கிழிஞ்சு போயிருக்குது. இதுதான் நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய விசயம், நாளைக்கு உங்க வண்டிக்கு ஆகும். அதைப் பிடிக்கற போல்ட்டை வண்டி தரையில நிக்கறப்பத்தான் முறுக்கோணும். திருப்பூர்க்காரன் ஷாக் அப்சர்பர் மாத்தறப்ப வண்டியை அந்தரத்துல தூக்கி வெச்சு, சக்கரம் தொங்கத் தொங்க முறுக்கிட்டான். கீழ எறக்கினதும் பாரம் வருதில்ல, உள்ள இருக்கற ரப்பரு முறுக்கிக்குது. ஓட ஓட, முறுக்கின எடத்துலயே கிழியுது. வெளிய ஒண்ணும் தெரியாது. "மேல பாரம் இருக்கறப்ப எப்படி நிக்குதுன்னு பாத்துத்தானுங்கண்ணா எதையும் முறுக்கோணும்"ன்னான். அந்த ஒரு பேச்சை நான் எத்தனை பேருகிட்டச் சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

புரட்டாசியில ஒரு வெள்ளிக்கிழமை. புதுப் புஷ்ஷு போட்டாச்சு. வண்டி தரையில நிக்குது, நான் டிரைவர் சீட்டுல, பாரத்துக்கு. வெள்ளிங்கிரி அடியில படுத்து முறுக்கிட்டு இருக்கறான். போன் அடிச்சுது. எடுக்கலை. வேலை நடுவுல எதுக்குன்னு எடுக்கலை. அஞ்சு தடவை அடிச்சுது.

மாடி ஜன்னல்ல கம்பி இல்லீங்க அந்த வீட்டுல. மரக்கதவு மட்டும்தான். அதுவழியா தாரணி சன்ஷேடுல எறங்கி அங்கிருந்து குதிச்சிருக்கறா. ரெண்டு குதிகாலும் நொறுங்கிப்போச்சு. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க தூக்கிட்டுப்போயி ஆஸ்பத்திரியில சேத்தாங்க.

நாங்க போனப்ப கட்டுப் போட்டு, காலைத் தூக்கிக் கட்டியிருந்தாங்க. எங்கூட்டுக்காரம்மா அழுதுட்டு அவ தலைமாட்டுல உக்காந்துட்டா. நான் கால்மாட்டுல நிக்கறேன்.  எங்கிட்டச் சொல்றதுக்கு ஒரே ஒரு நல்ல சேதிதான் இருந்துச்சு. சொன்னேன். "சாமி, சத்தம் போயிருச்சு. புஷ்ஷுதான். தொங்கவிட்டு முறுக்கிட்டானுக."

அவ என்னைப் பாத்தா.  அப்புறம் செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. கால் கட்டியிருக்கறதுனால முழுசாத் திரும்ப முடியலை, கழுத்தை மட்டும் திருப்பிக்கிட்டா.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. சம்பந்தி வீட்டுக்குப் போயி நடுவாசல்ல நின்னு கத்தினேன். "எம்பொண்ணைப் பூட்டி வெக்கறதுக்கு அவ என்ன ஆடா மாடா?"ன்னேன். தெருவே கூடிருச்சு. அந்தம்மா நெதானமா வெளிய வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "ஒரு மாசம் உங்க வீட்டுலதான இருந்தா, அப்படி இருந்தா உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாளா? நீங்கதான சீரோட கொண்டுவந்து விட்டீங்க?" தெருவே என்னைப் பாக்குது. பாக்கெட்டுல இந்தப் போன் இருக்குது. எடுத்து அழுத்தினாப் போதும், எல்லாரும் கேட்டிருப்பாங்க. அவ சொன்னதையும் கேட்டிருப்பாங்க, நான் சொன்னதையும் கேட்டிருப்பாங்க. கையை பாக்கெட்டுக்குள்ள விட்டேன். வெளிய எடுக்கலை. வந்துட்டேன்.

டிஸ்சார்ஜ் பண்ற அன்னைக்கு வண்டியைக் கழுவி, நடு சீட்டுல தலகாணி போட்டு, ஆஸ்பத்திரி வாசல்லயே கொண்டுபோய் நிறுத்தினேன். சக்கர நாற்காலியில வந்தா. வண்டியைப் பாத்தா. "அம்மா, வேற வண்டி கூப்பிடு"ன்னா. அவ்வளவுதான். எங்கூட்டுக்காரம்மா ஒரு டாக்சியைப் பிடிச்சு, அவளை ஏத்தி, தானும் ஏறிட்டா. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "அதுல போனா தூக்கித் தூக்கிப் போடும், கால் தாங்காது, இதுல ஒரு சத்தமில்லை"ன்னேன். "செவிடன் காதுல சங்கு ஊதற சோலி இனி எனக்கு வேண்டாம்"ன்னு எங்கூட்டுக்காரம்மா சொல்லிக் கதவைச் சாத்திக்கிட்டா. முப்பது வருசத்துல என்கிட்ட அப்படிப் பேசினதில்லை அவ.

கோயமுத்தூர்ல அம்மாவும் பொண்ணும் வீடு பிடிச்சு இருக்கறாங்க. தாரணி கம்பு ஊனி நடக்கறாளாம், ஒரு கடையில கம்ப்யூட்டர் வேலைக்குப் போறாளாம். வெள்ளிங்கிரி போயிப் பாத்துட்டு வந்து சொன்னான். அவனை உள்ள கூப்பிட்டுக் காப்பி குடுத்திருக்கறாங்க. நான் வாரம் ஒருக்கா போன்ல எழுதிப் போடறேன். "வண்டி நல்லா இருக்குது, செக்கப்புக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." பாத்துட்டாங்கன்னு நீலமா டிக் வரும். அதோட சரி.

இந்தா, காமநாயக்கன்பாளையம் வந்துருச்சு. திரும்பிக்கலாம்.

ஒண்ணு சொல்லட்டுங்களா. முன் சீட்டுல நீங்க உக்காந்துட்டு வந்தீங்க, சத்தமில்லை, சரி. ஆனா சத்தம் வந்தது நடு சீட்டுல ஆளு இருக்கறப்பத்தான. அங்க ஆளு உக்காராம, போயிருச்சுன்னு நான் எப்படிச் சொல்றது? பட்டறையில இருந்து நூல் மூட்டை கொண்டுவந்து வெச்சுப் பாத்தேன். அம்பது கிலோ, அவ எடைதான். மூட்டைக்கு பெல்ட்டும் போட்டுவிட்டேன். உடுமலை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வந்தேன். சத்தமே இல்லை. ஒண்ணுமே இல்லை. அந்தச் சத்தமில்லாததுல என்னால ஓட்ட முடியலீங்க. குடிமங்கலத்துல நிறுத்திட்டு ரோட்டோரமா உக்காந்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் தரகர்கிட்டச் சொல்லி வெச்சேன், வண்டி விக்கறதுன்னு. நீங்க பதினோராவது ஆளு. முன்னாடி வந்த பத்துப் பேருக்கும் வண்டி பிடிச்சுப் போச்சு. நான்தான் குடுக்கலை. உங்களுக்குக் குடுப்பேனான்னு கேட்டா, தெரியலீங்க. கோவிச்சுக்காதீங்க.

எனக்குக் காது கேக்காம இல்லீங்க. அதை மட்டும் தெரிஞ்சுக்கங்க. முப்பத்தாறு தறி ஓடறப்ப ஒத்த நாடாவைக் கேக்கற காது இது. ரெண்டடி பின்னால உக்காந்து பெத்த பொண்ணு பேசினது கேக்காமப் போகுமா? ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு. சாவின்னதும் கேட்டுச்சு, ஒண்ணுக்குன்னதும் கேட்டுச்சு.  பின்னால டின்னு நெறையச் சீரு. அங்க எலை போட்டுட்டுக் காத்திருக்கறாங்க. ஊரெல்லாம் சொல்லியாச்சு. சத்தமுன்னா வெள்ளிங்கிரி இருக்கறான், அவன் பாத்துக்குவான். இதுக்கு நான் யாருகிட்டப் போறது? மேடு வருதுன்னேன். பொய்யிங்க அது. அந்த எடத்துல மேடே இல்லை. மேடு அதுக்கப்புறம் ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் வந்துச்சு.

இதை உங்ககிட்டத்தான் சொல்றேன். வெள்ளிங்கிரிகிட்டக்கூடச் சொன்னதில்லை.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க. வண்டியை நிறுத்தறேன், எறங்கிப் பின்னால போயி உக்காருங்க. நடு சீட்டுல. இல்லீங்க, வலது பக்கம் வேண்டாம், இடது பக்கம், ஜன்னலோரமா. ஆமா. பெல்ட்டைப் போட்டுக்கங்க. கண்ணாடி ஏத்தியிருக்கட்டும். பல்லடம் போக இன்னும் இருபது நிமிசமாகும், வழியில நாலு மேடு இருக்குது. நீங்க எதையாச்சும் பேசிட்டு வாங்க. உங்க வீட்டு விசயம், புள்ளைங்க விசயம், எதுவானாலும் சரி. நான் குறுக்க பேச மாட்டேன். மேடு வந்தாலும் பேச மாட்டேன்.

ம். சொல்லுங்க.